ஏழு மணிப் பெரட்டு

சுங்கை லாலாங்,
9.1.2024

அன்புள்ள மருமகள் உமாராணிக்கு, உன் தாய்மாமன் அய்யாவு எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை புஷ்பவள்ளியும் கருங்கல் மாதிரி இருக்கிறோம். அங்கே ஜொகூரில் நீயும் மாப்பிள்ளை ஜெயகுமாரும் எப்படி? இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் உன் மாமியார் எழுந்து உட்கார்ந்தார்களா?

போன் அடிக்காதே என்று எத்தனை தடவை சொல்வது? எனக்குக் காது கேட்கவில்லை என்று நீ நினைக்கிறாய். என் காது பாம்புக் காது. இந்தப் போனைச் செய்தவன்தான் சத்தத்தைக் கம்மியாக வைத்துவிட்டான். அதனால்தான் கடிதம். நாலாம் வகுப்போடு நிறுத்தியவன் என்றாலும் என் கையெழுத்தைப் பார்த்துத் தபால்காரன், "அங்கிள், இது பிரிண்ட் பண்ணதா?" என்று கேட்டான்.

வயசானவர்கள் வீட்டிலேயே அடைந்து கிடக்கக் கூடாது, நாலு பேரோடு பழக வேண்டும், பொழுதுபோக்கு வேண்டும் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய் அல்லவா? சேர்ந்துவிட்டேன்! மூத்தவர்களுக்கென்று இங்கே ஒரு மையம் இருக்கிறது. பழைய பாலர் பள்ளிக் கட்டடம். நான் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நாற்காலி குறைவு, அதுவும் ஒரு காரணம். தலைவர் தர்மலிங்கம், முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர், கேரம் பலகையில் என்னோடு உட்கார்ந்து ஒரே ஆட்டத்தில் ஒன்பது காயையும் பறிகொடுத்தார். தாய்ச்சி உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் மேடம் லிம், என் உடம்பு ஐம்பது வயசு உடம்பு என்றார். கராவோக்கேயில் பாடினேன். ரோட்டில் போன லாரி நின்றுவிட்டது.

என்னைச் செயலாளர் ஆக்கப் பார்த்தார்கள். எனக்குப் பதவி ஆசை கிடையாது. ரப்பர்த் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டின காலத்தில் மண்டோர் வேலை மூன்று தடவை என்னைத் தேடி வந்தது. விடியக்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, நீ இந்த மர நெரைக்குப் போ, நீ அந்த நெரைக்குப் போ என்று அதிகாரம் பண்ணுவது என் குணமில்லை என்று மறுத்துவிட்டேன்.

உன் அத்தையும் சும்மா இல்லை. காலை நடை ஆரம்பித்திருக்கிறாள். ஐந்தரைக்கெல்லாம் கிளம்பிவிடுகிறாள். என்ன வேகம்! கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் பின்னால் ஓட வேண்டியிருக்கிறது. கையில் வாளி வேறு. அது கைக்குப் பயிற்சி. அறுபத்தெட்டு வயசில் நேற்று செம்பனைக் காடு வரைக்கும் போய்விட்டாள்.

வழக்கமாக என் கடிதத்துக்கு அடியில் அவள் ரெண்டு வரி எழுதுவாள். இந்தத் தடவை முறுக்கு மாவில் கை. அடுத்த தடவை எழுதுவாள்.

உடம்பைக் கவனித்துக்கொள்.
உன் மாமா,
அய்யாவு

---

ஜொகூர் பாரு,
22.1.2024

அன்பு மாமாவுக்கு உமா எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். என் மாமியார் இன்னும் படுக்கைதான். குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் நான். ஜெயகுமார் லாரி ஓட்டப் போனால் மூன்று நாள் கழித்துத்தான் வருகிறார். உங்கள் சர்க்கரை எப்படி? மாத்திரை போடுகிறீர்களா?

மையத்தில் சேர்ந்தது சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். பொங்கலன்று நீங்கள் திட்டினாலும் பரவாயில்லை என்று போன் அடித்தேன். அத்தைதான் எடுத்தார். "அத்தை, உமா பேசறேன்" என்றேன். "எந்த உமா? பெரிய கிராணி மகளா?" என்று கேட்டார். விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிறகு போன் கீழே கிடந்தது போல, உங்கள் வீட்டு ரேடியோ மட்டும் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

என்னை எட்டு வயதிலிருந்து வளர்த்தவர் அவர், மாமா. எந்த உமா என்று கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்? முறுக்கு மாவைக் கழுவிவிட்டு ரெண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள்,
உமா

---

சுங்கை லாலாங்,
5.2.2024

அன்புள்ள மருமகளுக்கு மாமா எழுதுவது. கருங்கல்லுக்கு ஒரு கீறல்கூட இல்லை. உன் மாமியாரைத் தினமும் ஒரு தடவை வெயிலில் உட்கார வை. எலும்புக்கு நல்லது. இதை என்னிடம் கேட்டுத்தான் இங்கே ஒரு டாக்டர் எழுதிக்கொண்டு போனார்.

நீ வீணாகப் பயப்படுகிறாய். "எந்த உமா" என்றது நாடகம். மையத்தில் நாடகப் பயிற்சி நடக்கிறது. அத்தை வீட்டிலும் விடாமல் ஒத்திகை பார்க்கிறாள். சில நாள் என்னிடமே "நீங்க யாரு?" என்கிறாள். அவ்வளவு இயல்பாக வருகிறது.

எனக்குப் புதிதாக ரெண்டு பொழுதுபோக்கு. ஒன்று எழுத்து. அட்டையில் பெரிசு பெரிசாக எழுதி வீடெல்லாம் ஒட்டியிருக்கிறேன். சீனி டப்பாவில் சீனி, உப்பில் உப்பு, கழிவறைக் கதவில் கழிவறை. வருகிறவர்கள் கண்காட்சி மாதிரி பார்க்கிறார்கள். இன்னொன்று சமையல். ஐம்பது வருஷம் சமைத்த கைக்கு ஓய்வு கொடுத்துவிட்டேன். அடுப்பு இப்போது என் பொறுப்பு. அதற்கு முந்தின வாரம் அத்தை வைத்த குழம்பு கொஞ்சம் தீய்ந்தது. வாசனைக்கு மயங்கி அக்கம்பக்கம் எல்லாரும் ஓடி வந்தார்கள். ஒருத்தர் வாளித் தண்ணீரோடு வந்தார்.

இன்னொன்றும் சொல்கிறேன், மாப்பிள்ளையிடம் சொல்லாதே, வெட்கம். என் கைலி முனையையும் அத்தை சேலை முனையையும் முடிச்சுப் போட்டுத்தான் தூங்குகிறோம். மணவறையில் உட்கார்ந்த மாதிரி. வயசான தம்பதிகளுக்கு இது ரொம்ப நல்லதாம். எங்கே சொன்னார்கள் என்று ஞாபகமில்லை. வாசல் கதவுக்கு மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள் போட்டேன். ஊரில் திருட்டுப் பயம்.

இதோ, நீ கேட்ட ரெண்டு வரி.

உன் மாமா,
அய்யாவு

உமா பாப்பாவுக்கு, நான் மிகவும் சுகம். உன் மாமாவைப் போல் ஓர் அறிவாளியை இந்தக் கெடா மாநிலத்திலேயே பார்க்க முடியாது. அவர் சொல்வதெல்லாம் உண்மை. இப்படிக்குப் புஷ்பவள்ளி.

---

ஜொகூர் பாரு,
17.2.2024

அன்பு மாமாவுக்கு, உமா. எல்லாரும் இருக்கிறோம். மாமியாரை வெயிலில் வைத்தேன், தலை சுற்றுகிறது என்கிறார்.

அந்த ரெண்டு வரியை எழுதியது நீங்கள்தான். கையெழுத்தைச் சாய்த்து எழுதியிருக்கிறீர்கள், அதைக்கூட நான் பார்க்கவில்லை. கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்தில் அத்தை உங்களை ஒரு தடவையாவது புகழ்ந்து நான் கேட்டிருக்கிறேனா? நீங்கள் மண்டோர் கதையை எடுத்தாலே, "ஒரு தடவைகூட எவனும் கூப்பிடல, சும்மா அளக்காதீங்க" என்பார். அவர் போய் உங்களை அறிவாளி என்பாரா? அதோடு, ஹாஸ்டலில் நான் படித்த காலத்திலிருந்து அவர் எனக்கு எழுதும் கடைசி வரி ஒன்றே ஒன்றுதான். தலைக்கு எண்ணெய் வை. அது இல்லாமல் அவர் கடிதத்தை மூடியதே இல்லை.

முடிச்சு, தாழ்ப்பாள், டப்பாவில் எழுத்து. எனக்குத் தூக்கம் வரவில்லை மாமா. நேரடியாகவே கேட்கிறேன். அத்தைக்கு மறதி வந்திருக்கிறதா? ஆமாம், இல்லை, ஒரு வார்த்தை எழுதுங்கள். வேறெதுவும் எழுத வேண்டாம்.

உமா

---

சுங்கை லாலாங்,
18.4.2024

அன்புள்ள மருமகளுக்கு மாமா. ரெண்டு மாசம் கடிதம் இல்லை என்று கோபம் வேண்டாம். தபால் நிலையத்தில் கூட்டம். கருங்கல் கருங்கல்தான்.

மையத்திலிருந்து சுற்றுலா போனோம். பண்டார் பாரு! பஸ்ஸில் நான்தான் முன் சீட்டு. டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டே போனேன். ஆற்றோரம் இறங்கி, மேடம் லிம் தாய்ச்சி காட்டி, தர்மலிங்கம் ஒரு சொற்பொழிவு ஆற்றி, எல்லாரும் தூங்கி எழுந்து, மீன் சாப்பிட்டோம். அந்த மீன் என் தொடை அளவு.

அங்கே உன் அத்தைக்குக் கிடைத்த மரியாதையைக் கேள். பசாரில் நான் பலாச்சுளை வாங்கத் திரும்பினேன். அதற்குள் அவளுக்கு ஊரைத் தனியாகச் சுற்றிப் பார்க்க ஆசை வந்துவிட்டது. வெயிலில் ரெண்டு மணி நேரம் நடந்திருக்கிறாள். அவளைக் கொண்டுவந்து விட யார் வந்தார்கள் தெரியுமா? போலீஸ் காடி! முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டி வந்தார்கள். இறங்கும்போது ஒரு போலீஸ்காரர் கதவைத் திறந்துவிட்டார். ராணி மாதிரி இறங்கினாள். செருப்பு மட்டும் எங்கேயோ போய்விட்டது. பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டியிருப்பார்கள், ஏனோ தட்டவில்லை. மையத்துப் பரஞ்சோதி அக்கா மட்டும் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார்.

வரும் வழியெல்லாம் நான் பாட்டுப் பாடினேன்.

நீ கேட்ட ஒரு வார்த்தைக்கு இந்தத் தாளில் இடம் போதவில்லை. கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். படிக்கப் பார்க்காதே. பேனா கசிந்துவிட்டது.

உன் மாமா,
அய்யாவு

---

ஜொகூர் பாரு,
2.5.2024

மாமா,

நலம் விசாரிக்க மனம் இல்லை. அடித்த வரியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். "எனக்கு பயமா இருக்கு பாப்பா" என்று எழுதியிருந்தீர்கள்.

நேற்று மும்தாஜ் அக்கா போன் செய்தார். தோட்டத்தில் நம்மோடு இருந்து, இப்போது பீடோங்கில் ரொட்டிக் கடை வைத்திருக்கும் மும்தாஜ் அக்கா. காலை ஆறு மணிக்குக் கடை திறக்க வந்தால் பின்வாசலில் அத்தை நிற்கிறாராம், கையில் ரப்பர் பால் சுமந்த பழைய வாளியோடு. மூன்று மைல் மாமா! வாளியில் மழைத்தண்ணீர். "ஸ்டோர் இன்னும் தொறக்கலயா? பால் நிறுக்கணும்" என்றாராம். உள்ளே வாங்க என்றால் வரவில்லையாம். கையைப் பிடித்தால் உதறினாராம். மும்தாஜ் அக்காவுக்கு என்ன தோன்றியதோ, மாவு நிறுக்கும் தராசை எடுத்து வந்து அந்த வாளியை வைத்து, "பன்னெண்டு கிலோ புஷ்பா, நல்ல பால்லா" என்றாராம். அதன் பிறகுதான் அத்தை உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தாராம்.

அத்தையைத் தேடி நீங்கள் அங்கே வரும்போது உங்கள் காலில் ரத்தம் இருந்ததாம். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தீர்களா? அதைக்கூட எழுதவில்லை.

முடிவு செய்துவிட்டோம். எங்கள் வீட்டில் ரெண்டு அறைதான். மாமியார் பக்கத்தில் இன்னொரு கட்டில் போடலாம். அத்தையை நான் வைத்துக்கொள்கிறேன். உங்களுக்கு இடமில்லை என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் இடமில்லை. சுங்கைப்பட்டாணியில் ஆண்களுக்கான ஓர் இல்லம் விசாரித்திருக்கிறேன். தோட்டம் இருக்கிறது, கேரம் இருக்கிறது. இது கல் நெஞ்சு என்று நினைக்காதீர்கள். அடுத்த தடவை அத்தை பெரிய ரோட்டைத் தாண்டினால் என்ன செய்வது?

உமா

---

ஜொகூர் பாரு,
16.5.2024

மாமா, ரெண்டு வாரம் ஆகிறது. திட்டியாவது எழுதுங்கள். ரெண்டு பேரும் எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

உமா

---

சுங்கை லாலாங்,
20.5.2024

உமாவுக்கு,

கருங்கல் என்று இந்தத் தடவை எழுத மாட்டேன்.

ஆமாம். நீ கேட்ட ஒரு வார்த்தை அதுதான்.

போன தீபாவளிக்கு முன்னாலேயே ஆரம்பித்தது. முதலில் உப்பை ரெண்டு தடவை போட்டாள். பிறகு அடுப்பு. பிறகு ஒரு நாள் விடியக்காலை என்னைத் தட்டி எழுப்பி, "நேரமாச்சு, பெரட்டுக்குப் போகணும், வாளி எங்க?" என்றாள். தோட்டத்தை விட்டு வந்து இருபது வருஷம். மரமெல்லாம் வெட்டிச் செம்பனை போட்டாகிவிட்டது. அதைச் சொன்னேன். என்னைப் பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அன்றிலிருந்து தினமும் கிளம்புகிறாள். எனக்குக் காது கேட்காது என்பதும் உண்மை. கதவு திறக்கிற சத்தம் கேட்காது. அதனால்தான் முடிச்சு. மும்தாஜ் கடைக்குப் போன அன்று விழித்துப் பார்த்தால் என் கைலி முனை கட்டில் காலில் கட்டியிருந்தது. அழகாக, இறுக்கமாக. அவள் கட்டியது.

அன்றைக்கு மோட்டாரில் தேடிப் போனபோது விழுந்தேன். முட்டிதான். ஆறிவிட்டது.

கிளினிக்குக் கூட்டிப் போனேன். சின்னப் பெண் டாக்டர். இன்று என்ன நாள் என்று கேட்டதற்கு அத்தை "சம்பள நாளு" என்றாள். பக்கத்தில் இருப்பவர் யார் என்று என்னைக் காட்டிக் கேட்டார் டாக்டர். அத்தை எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "மண்டோரு" என்றாள்.

என்னை ஒருத்தரும் மண்டோர் வேலைக்குக் கூப்பிட்டதில்லை உமா. ஒரு தடவைகூட. அத்தை சொன்னது சரி. இப்போது அவளே கூப்பிட்டுவிட்டாள்.

சாயங்காலம் ஆனால் என்னிடம் வந்து நிற்பாள். "மண்டோரே, சீக்கிரம் விடுங்க. வீட்டுக்காரரு பசியோட உக்காந்திருப்பாரு. அந்த ஆளுக்குச் சமைக்கத் தெரியாது." ஒரு நாள் கேட்டேன், "உன் வீட்டுக்காரர் எப்படிப்பட்ட ஆளும்மா?" என்று. "வாயத் தொறந்தா பொய்தான். ஆனா கெட்டவரில்ல" என்றாள். நான் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

அவளுக்கு என்னைத் தெரியவில்லை. ஆனால் மண்டோர் கண்ணில் படாவிட்டால் தேடுகிறாள். மண்டோர் சொன்னால் சாப்பிடுகிறாள், மாத்திரை போடுகிறாள். ஜொகூரில் உன் மாமியார் பக்கத்தில் படுத்துக்கொண்டு யாரிடம் போய் லீவு கேட்பாள்? உன்னையும் அவளுக்குத் தெரியாதே.

என்னை எந்த இல்லத்தில் போட்டாலும் போகிறேன். எங்களைப் பிரிக்காதே. இதில் ஒரு எழுத்தும் கூட்டவில்லை.

அய்யாவு

---

ஜொகூர் பாரு,
27.5.2024

அன்பு மாமாவுக்கு, உமா.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஜெயகுமார் ஒரு தடவை படித்துவிட்டு வெளியே போய் லாரியைக் கழுவினார். ராத்திரி சாப்பிட வரவே இல்லை.

ஆனால் பயம் போகவில்லை. கட்டில் வாங்கிப் போட்டாகிவிட்டது. ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி ஜெயகுமார் தங்கை வந்து மாமியாரைப் பார்த்துக்கொள்வாள், நான் அங்கே வருகிறேன். அதுவரை அவகாசம். வாரம் ஒரு தடவை மும்தாஜ் அக்காவிடம் கேட்பேன். நடுவில் அத்தை ஒரு தடவை காணாமல் போனாலும் அன்றே வண்டி ஏறுவேன், அத்தையைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவேன். மாமா, முட்டிக்கு மருந்து போடுங்கள்.

உமா

---

சுங்கை லாலாங்,
15.7.2024

அன்புள்ள மருமகள் உமாராணிக்கு மாமா எழுதுவது. இங்கே ஒரு கல்லும் ஒரு பூவும் இருக்கிறோம். உன் மாமியாருக்குக் கைத்தடி வந்துவிட்டதாமே, சந்தோஷம்.

இனி நான் எழுதுவதை நீ நம்ப மாட்டாய். நானே நம்பவில்லை.

மும்தாஜ் தராசில் வைத்தாளே, அதை நினைத்துக்கொண்டே இருந்தேன். நாம் இல்லை இல்லை என்று சொன்னபோது ஓடினவள், ஒருத்தி ஆமாம் என்றதும் உட்கார்ந்துவிட்டாள். சரி, இவளுக்குப் பெரட்டுதானே வேண்டும்? வைத்துவிடுவோம் என்று மையத்துக்குப் போனேன். தர்மலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார்.

"யோவ் அய்யாவு, இது மூத்தவங்க மையமா, தோட்டமா? இவங்கல்லாம் நாப்பது வருசம் அதுல நின்னு கஷ்டப்பட்டது பத்தாதா? மறுபடியும் வரிசையில நிக்கச் சொல்றியா?"

பரஞ்சோதி அக்கா அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். "நான் நிக்கிறேன்லா. நின்ன காலுதானே. இந்தாளு பேர் கூப்பிடறதக் கேக்க ஆசையா இருக்கு."

மேடம் லிம் என்ன ஏது என்று கேட்டுவிட்டு, "எப்படியும் காலைல என் கிளாஸுக்கு வரிசையாத்தானே நிக்கறீங்க. முன்னாடி அஞ்சு நிமிசம் பேர் கூப்பிடு. என் பேரையும் போடு" என்றார்.

அப்படி ஆரம்பித்தது. ஏழு மணிக்குப் பெரட்டு. நான் பழைய காக்கிச் சட்டை, கையில் நோட்டு. "பரஞ்சோதி!" "இருக்கேங்க!" "மேடம் லிம்!" "இருக்கேங்க!" சீனத்தி சொல்கிற அழகைக் கேட்க வேண்டும். "புஷ்பவள்ளி!" முதல் நாள் நோட்டைப் பார்க்காமலே கூப்பிட்டேன். அவள் முதுகை நிமிர்த்தி, "இருக்கேங்க மண்டோரே" என்றாள். எனக்கே கேட்டது. அவ்வளவு சத்தம். பிறகு தாய்ச்சி. பிறகு அவளுக்கு ஒரு நெரை, மையத்துப் பின்பக்கம் கத்திரிச் செடி ரெண்டு வரிசை. தண்ணீர் ஊற்றுவாள், பூச்சி பொறுக்குவாள். பதினோரு மணிக்கு அவள் வாளியைத் தராசில் வைப்பது தர்மலிங்கம். கிராணி என்றால் கிராணிதான், மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து எடையைச் சொல்கிறார். மும்தாஜ் கொடுத்த பழைய தராசு. கையில் அட்டை கட்ட மாட்டேன் என்றவள், இது உன் நம்பர் என்றதும் நீட்டினாள். அதில் எழுதியிருப்பது உன் போன் நம்பர்.

ஐந்தரைக்கு எழுந்தால் ஏழு வரை எப்படிப் பிடித்து வைப்பது என்று நீ கேட்பாய். மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது, அன்று வேலை தாமதம், உனக்குத் தெரியும். "ராத்திரி மழை, மரம் ஈரம், பெரட்டு ஏழு மணிக்குத்தான்" என்று சொல்கிறேன். வாசலைப் பார்க்கிறாள். ஈரமாக இருக்கும். "சரிங்க மண்டோரே" என்று உட்கார்ந்து பசியாறுகிறாள்.

ஈரம் எப்படி வந்தது என்று கேட்காதே. அது மண்டோர் வேலை.

ஆறு வாரம். ஒரு நாள்கூடக் காணாமல் போகவில்லை. மும்தாஜைக் கேள்.

உன் மாமா,
மண்டோர் அய்யாவு

---

ஜொகூர் பாரு,
26.8.2024

அன்பு மாமாவுக்கு, உமா. பத்திரமாக வந்து சேர்ந்தேன். மாமியார் கைத்தடியோடு வாசல் வரை வந்து கதவைத் திறந்தார்.

நேரில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். அத்தை துணிக்கென்று காலிப் பெட்டியோடுதான் வந்தேன். மும்தாஜ் அக்கா சொன்னதைக்கூட முழுக்க நம்பவில்லை. உங்களிடம் கற்றுக்கொண்டாரோ என்று நினைத்தேன்.

முதல் நாள் விடியும் முன்பே சத்தம் கேட்டு எழுந்தேன். தகரக் கூரையில் மழை. ஜன்னலைத் திறந்தால் வானத்தில் ஒரு மேகம் இல்லை. நீங்கள் கைலியை மடித்துக் கட்டி, கையில் ரப்பர்க் குழாயைப் பிடித்துக் கூரை மேலே தண்ணீர் அடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். முட்டித் தழும்போடு, முழுக்க நனைந்து. பிறகு துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, "சரியான மழைம்மா" என்றீர்கள். உங்கள் வாழ்நாளில் நீங்கள் சொன்னதிலேயே பெரிய பொய் அதுதான் மாமா.

பெரட்டில் என் பேரையும் கூப்பிட்டீர்கள். "இருக்கேங்க" என்றேன். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்து, "புதுசா? பயப்படாத, என் பக்கத்துலயே நில்லு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பதினோரு மணி வரை விடவில்லை. நான் யார் என்று அவர் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை.

பெட்டியைக் காலியாகவே கொண்டுவந்தேன். அத்தைக்கு வாங்கிய கட்டிலை மடக்கி மாமியார் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மாசத்துக்கு ஒரு தடவை நான் வருகிறேன். பயம் இன்னும் இருக்கிறது. ரோடும் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் இருங்கள். ரெண்டு பேரும் அங்கேயே இருங்கள்.

நனைந்த சட்டையோடு நிற்காதீர்கள்.
உமா

---

சுங்கை லாலாங்,
9.9.2024

அன்புள்ள மருமகளுக்கு மண்டோர் எழுதுவது. கல் கொஞ்சம் சளி பிடித்துத் தும்முகிறது, வேறொன்றும் இல்லை. பூ நன்றாக இருக்கிறது. உன் மாமியார் கதவு திறந்ததை மேடம் லிம்மிடம் சொன்னேன். அடுத்து தாய்ச்சிக்கு அனுப்பச் சொல்கிறார்.

பெரட்டுக்கு இப்போது முப்பத்தொரு பேர் வருகிறார்கள். நீ எண்ணினால் பத்தொன்பது இருக்கும். பெண்டாங்கிலிருந்து ஒரு மையத்துக்காரர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். என்னை அங்கேயும் மண்டோராக வரச் சொல்லிக் கெஞ்சினார்கள். மறுத்துவிட்டேன். இங்கே ஒரு ஆளை விட்டுவிட்டு வர முடியாது என்றேன்.

எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை. வியாழக்கிழமை வரிசையில் நிற்காமல் அழுதாள். ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை. பரஞ்சோதி அக்கா கூடவே நின்றார்.

நேற்று நான் இந்தக் கடிதத்துக்குத் தாள் எடுத்து வைத்திருந்தேன். சாயங்காலம் லீவு கேட்க வந்தவள் தாளைப் பார்த்தாள். தானாகவே உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள். யாருக்கு எழுதுகிறாய் என்றேன். "எம் பொண்ணுக்கு. ஜொகூர்ல இருக்கா" என்றாள். கால் மணி நேரம் எழுதினாள். இது நான் எழுதினது இல்லை. படித்தால் உனக்கே தெரியும்.

உன் மாமா,
அய்யாவு

உமா பாப்பாவுக்கு, இங்கே தினமும் மழை. புது மண்டோரு நல்ல மனுசன், எங்க வீட்டுக்காரரு மாதிரி அளக்க மாட்டாரு. தலைக்கு எண்ணெய் வை.